முதலீடு இல்லாத தொழிலா? காலை நாலரைக்கு ரேஸ்கோர்ஸ் பக்கம் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் சுயதொழில் பக்கத்தில் மாரத்தான் பயிற்சி பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. ஒரு ஜோடி ஷூ, ஒரு வாட்ஸ்அப் குழு, காலையில் எழுந்திருக்கும் பழக்கம், இந்த மூன்றும் இருந்தால் போதும், முதலீடே இல்லாமல் மாதம் லட்ச ரூபாய் பார்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தீர்கள். அது வந்த வாரத்தில் மட்டும் முன்பின் தெரியாத ஒன்பது பேர் எனக்குப் போன் செய்துவிட்டார்கள். "அக்கா, நானும் கோச் ஆகணும், எப்படி ஆரம்பிக்கிறது?" என்ற ஒரே கேள்விதான். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசித் தொண்டை கட்டிப்போனதால், மொத்தமாக உங்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடிதம் நீண்டுவிட்டால் மன்னிக்கவும், நீங்கள் வெட்டிக்கொள்ளலாம்.

கோவையில் பதின்மூன்று வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கல்லூரியில் 1,500 மீட்டர் ஓடியவள், மாவட்ட அளவோடு சரி. அப்புறம் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிறந்த பிறகு உடம்பைக் குறைக்க ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஓட ஆரம்பித்தபோது கூடவே நாலு பேர் ஓடினார்கள், நாலு பத்தானது, பத்துப் பேரில் ஒருவர் "நீங்க ஃபீஸ் வாங்கினாத்தான் நான் ஒழுங்கா வருவேன்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது, திட்டமெல்லாம் எதுவும் இல்லை.

முதலில் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் கட்டுரையில் கணக்கு இல்லை, வரவு மட்டும்தான் இருந்தது. என்னிடம் 40 பேர் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருவருக்கு 7,000 ரூபாய், முன்பணமாக. ஜூலையிலிருந்து மார்ச் வரை 40 பேரும் இருப்பார்கள். ஏப்ரல், மே, ஜூனில் 18 பேர் தேறினால் பெரிய விஷயம். நம் ஊரில் ஓட்டப் பந்தயங்கள் எல்லாம் வெயில் தணிந்த மாதங்களில்தான் நடக்கும், பந்தயம் முடிந்து மெடலைப் போட்டோ எடுத்துப் போட்டதும் பாதிப் பேருக்குக் கால் வீட்டைத் தாண்டாது. ஆக வருடத்துக்கு 9 லட்சத்து 66 ஆயிரம் வருகிறது. இதில் உதவிக்கு இருக்கும் இருவருக்கு மாதம் ஒன்பதாயிரம் வீதம், உடற்பயிற்சிக்கு எடுத்திருக்கும் ஹாலுக்கு எட்டாயிரம், மாதம் ஒருமுறை வந்து எல்லோர் காலையும் பார்க்கும் பிசியோதெரபிஸ்டுக்கு ஐந்தாயிரம், தண்ணீர் கேன், வாழைப்பழம், உப்பு, ஓஆர்எஸ், பின்னாலேயே போகிற வண்டிக்குப் பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஏழாயிரம், இவை போக ஆப், போன் செலவு வருடத்துக்கு முப்பதாயிரம். கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது மாதத்துக்கு 40,000 ரூபாய். நான் விட்டுவிட்டு வந்த வேலையில் இன்று இருந்திருந்தால் இதைவிடக் கூடுதலாக வாங்கியிருப்பேன். ஆனாலும் இதை நான் நன்றாக ஓடும் தொழில் என்றுதான் சொல்வேன். கடன் இல்லை, 40 பேரில் 23 பேர் நாலு வருடத்துக்கு மேலாக என்னோடு இருக்கிறார்கள், விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் செலவு செய்ததில்லை.

லட்ச ரூபாய் பார்த்ததே இல்லையா என்றால், பார்த்திருக்கிறேன். 2018ல் என்னிடம் 112 பேர் இருந்தார்கள். மூன்று பேட்ச், நாலு உதவியாளர்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி டீ-சர்ட், முதுகில் எங்கள் குழுவின் பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஸ்கோர்ஸ் முழுக்க எங்கள் ஆட்களாகத்தான் தெரியும், பார்க்கப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். 112 பேருக்குத் தனித்தனியாகப் பயிற்சி எழுத முடியுமா? 21 கிலோமீட்டர் ஹாஃப் மாரத்தானுக்கு ஒன்று, பத்து கிலோமீட்டருக்கு ஒன்று என்று இரண்டு பிளான் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். 26 வயசுப் பையனுக்கும், சர்க்கரை மாத்திரை சாப்பிடும் 51 வயசுக்காரருக்கும் செவ்வாய்க்கிழமை ஒரே இன்டர்வெல், அதாவது வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் பயிற்சி. அந்த சீசனில் 19 பேருக்குக் காயம். கணுக்கால், முழங்கால், குதிகால், முன்னங்கால் எலும்பு என்று ஒரு ஆர்த்தோ வார்டுக்கு வேண்டிய அத்தனையும் இருந்தது. பெயர் கூடச் சட்டென்று நினைவுக்கு வராத ஒரு பெண் வலிக்கிறது என்று மூன்று முறை மெசேஜ் போட்டிருக்கிறார், நான் பார்க்கவே இல்லை, குழுவில் வந்து குவிந்த குட் மார்னிங் படங்களுக்குக் கீழே போய்விட்டது. அவருக்கு எலும்பில் கீறல் விழுந்து ஆறு வாரம் நடக்க முடியாமல் இருந்தார். பிப்ரவரியில் 112 பேர் 37 ஆனார்கள். ஃபீஸைத் திருப்பிக் கொடுத்தது, உதவியாளர்களுக்கு நோட்டீஸ் காலச் சம்பளம் கொடுத்தது எல்லாம் போக, அதிக வரவு வந்த அந்த வருடம்தான் கையில் மிகக் குறைவாக நின்ற வருடம். அதற்கப்புறம் 40க்கு மேல் எடுப்பதில்லை. 41வது ஆள் வந்தால் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு காத்திருக்கச் சொல்கிறேன்.

ஏன் 40 என்று கேட்பார்கள். ஒரு ஆளுக்கு வாரத்தில் சராசரியாக அரை மணி நேரம் தேவைப்படுகிறது. அவர் வாட்சில் பதிவான ஓட்டங்களைப் பார்க்க வேண்டும், இரண்டு வரி பதில் எழுத வேண்டும், அடுத்த வாரத்தை மாற்ற வேண்டும், நடுவில் ஒருமுறை போனில் பேச வேண்டும். 40 பேருக்கு 20 மணி நேரம். காலை ஓட்டங்களுக்கு வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் போய்விடும். இதற்கு மேல் சமையல், பிள்ளைகள், மாமியாரின் கண் ஆஸ்பத்திரி. இரவு ஒன்பது மணிக்கு ரசம் தாளித்துக்கொண்டே ஒருவருக்கு "நாளைக்கு ஓடாதீங்க, நடங்க போதும்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது என் வீட்டில் தினசரிக் காட்சி. பின்னணியில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்கும், க்ளையன்ட்கள் அதற்குப் பழகிவிட்டார்கள்.

"ஓடாதீங்க" என்ற அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எனக்குப் பாதி ஃபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வருகிறவர்களில் சோம்பேறிகள் குறைவு. ஐடி கம்பெனி, மில், ஃபவுண்டரி, ஆஸ்பத்திரி, சொந்தத் தொழில் என்று எல்லோரும் ஏற்கெனவே ஒரு விஷயத்தில் முட்டி மோதி மேலே வந்தவர்கள். அவர்களை ஓட வைப்பது சுலபம், நிறுத்துவதுதான் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மென்பொருள் ஊழியர், பந்தயத்துக்கு முந்தின நாள் இரவு கூப்பிட்டார். "ஜுரமெல்லாம் இல்லீங்க அக்கா, லேசா உடம்பு சுடுது, அவ்வளவுதான்." தெர்மாமீட்டர் வைக்கச் சொன்னேன். 100.8. ஓடக்கூடாது என்றேன். நாலு மாதம் உழைத்தது, லீவு போட்டது, அப்பா அம்மா ஊரிலிருந்து பார்க்க வந்திருப்பது எல்லாவற்றையும் சொன்னார், கடைசியில் கோபத்தில் "உங்களுக்குக் குடுத்த காசு வேஸ்ட்" என்றும் சொன்னார். காய்ச்சலோடு இரண்டு மணி நேரம் இதயத்தை விரட்டினால் இதயத் தசையில் வீக்கம் வரை போகலாம் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, அதற்காகத்தானே என்னிடம் வந்தார். மறுநாள் நானே அவர் வீட்டுக்குப் போய் வாசலில் பால் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்து, உள்ளே இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வந்தேன். மூன்று மாதம் பேசவில்லை. பிறகு அவர் குடியிருக்கும் அடுக்குமாடியிலிருந்து வரிசையாக ஆறு பேர் வந்து சேர்ந்தார்கள், அனுப்பியது அவர்தான்.

பயிற்சி விஷயத்திலும் கதை இதேதான். வாரத்தில் ஓடும் நேரத்தில் ஐந்தில் நாலு பங்கு மெதுவாக ஓட வேண்டும். எவ்வளவு மெதுவாக என்றால், பக்கத்தில் ஓடுகிறவரிடம் நேற்றைய சீரியல் கதையை மூச்சு வாங்காமல் முழுக்கச் சொல்ல முடிய வேண்டும். இதை யாரும் நம்ப மாட்டார்கள். மெதுவாக ஓடினால், ஓடியதை எல்லோருக்கும் காட்டும் ஸ்ட்ராவா ஆப்பில் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று செவ்வாய், வியாழன், சனி எல்லா நாளும் பாதி வேகத்துக்கும் முழு வேகத்துக்கும் நடுவில் ஓடிக் களைத்துப் போய், பந்தயத்தன்று சோர்ந்து நிற்பார்கள். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு கோச் இருந்தார். ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், கைச்செலவுக்குப் பால் விநியோகமும் செய்தவர், எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவரில்லை. முதலில் மாதக்கணக்கில் நிதானமான நீண்ட ஓட்டம், வேகமெல்லாம் அதற்குப் பிறகு என்பதுதான் அவர் முறை. தன் மேலேயே வருடக்கணக்கில் சோதித்துப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில், ஒரு மணி நேரத்துக்குள் தங்கம் வாங்கினார்கள். ஹால்பெர்குக்கு ரக்பியில் அடிபட்டு ஒரு கை சூம்பிப் போயிருந்தது. மெதுவாக ஓடச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன், 800 மீட்டர்காரனையே மாரத்தான் தூரத்துக்குப் பக்கமாக ஓடவிட்டவர் அவர், நீங்கள் எம்மாத்திரம் என்பேன்.

ஊருக்கு ஊர் மாறும் விஷயமும் இருக்கிறது, அது எந்த ஆப்பிலும் வராது. கோவை கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு, டிசம்பர் காலையில் ஸ்வெட்டர் கேட்கும். இங்கே பயிற்சி செய்தவர் ஜனவரியில் சென்னைக்குப் போய் இருட்டிலேயே ஓட ஆரம்பித்தாலும் கடற்கரைப் புழுக்கத்தில் பன்னிரண்டாவது கிலோமீட்டரிலேயே சட்டையைப் பிழியலாம். வியர்வை வழியுமே தவிர உலராது, உலராவிட்டால் உடம்பு குளிராது. இங்கே ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடத்தில் ஹாஃப் ஓடிய ஒருவர் அங்கே இரண்டு இருபதில் முடித்துவிட்டு, "என் பயிற்சியில என்ன தப்பு?" என்று அழாத குறையாகக் கேட்டார். தப்பு என்னுடையதுதான், முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சென்னைக்குப் போகிறவர்களுக்குக் கிலோமீட்டருக்கு எத்தனை விநாடி விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிடுகிறேன். கடைசி இரண்டு வாரம் காலை எட்டரை மணி வெயிலில் கொஞ்சம் ஓடவிடுகிறேன், உடம்பு சூட்டுக்குப் பழகப் பத்துப் பதினான்கு நாள் வேண்டும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்வேன். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் போயிருக்கிறது. கூடியிருந்தால் இன்னும் ஆபத்து, தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம், அதில் ஆளே போய்விடலாம். "எவ்வளவு முடியுமோ அவ்வளவு தண்ணி குடிங்க" என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. அதை மட்டுமாவது தயவுசெய்து திருத்திப் போடுங்கள்.

கட்டுரையில் எனக்கு எரிச்சல் வந்த இன்னொரு இடம், "ஷூ கடை, புரோட்டீன் பவுடர் கமிஷன் மூலம் கூடுதல் வருமானம்" என்பது. எனக்கும் பத்து சதவீதம் தருகிறேன் என்று வந்தார்கள். ஆரம்பத்தில் ஒரு கடையில் வாங்கியும் இருக்கிறேன், உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா. நாலாவது மாதம் ஒருவர் முழங்கால் வலி என்று வந்தபோது ஷூ தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்றேன். உண்மையிலேயே அடிப்பாகம் ஒரு பக்கமாகக் கரைந்திருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே கமிஷன் விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. ஷூவில் சந்தேகம் வந்தால் நான் ஓய்வு எடுக்கச் சொல்வதிலும் சந்தேகம் வரும், டாக்டரைப் பார்க்கச் சொல்வதிலும் சந்தேகம் வரும். அன்றோடு நிறுத்தினேன். நீச்சலும் சைக்கிளும் சேர்ந்த டிரையத்லான் ஆசையோடு வருகிறவர்களிடமும் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக் காசு பார்ப்பதில்லை. கோவாவில் நடக்கும் பாதி அயர்ன்மேன் என்ற டிரையத்லான் பந்தயத்துக்கு 1.9 கிலோமீட்டர் கடலில் நீந்தி, 90 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, அப்புறம் 21 கிலோமீட்டர் ஓட வேண்டும். எனக்குக் கிணற்றில் நீந்தத்தான் தெரியும். நீச்சலுக்கு வேறொருவர், சைக்கிளுக்கு வேறொருவர் என்று அனுப்பிவிடுவேன், ஓட்டத்தை மட்டும் நான் பார்ப்பேன்.

என்னிடம் 40 பேரில் 17 பேர் பெண்கள். எப்படி இவ்வளவு பேர் என்று மற்ற கோச்சுகள் கேட்பார்கள். பெரிய ரகசியமெல்லாம் கிடையாது, எங்கள் பேட்ச் 6.20க்கு முடிந்துவிடும். ஏழு மணிக்குள் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டியவளுக்கு ஏழரை வரை நீளும் பயிற்சி எதற்கு? நாலே முக்காலுக்கு ஆரம்பிக்கிறோம். ரேஸ்கோர்ஸில் விளக்கு வெளிச்சம் இருக்கிறது, நடக்கிறவர்கள் கூட்டம் இருக்கிறது, சுற்று இரண்டரை கிலோமீட்டர் என்பதால் யாரும் கண்ணை விட்டு வெகுதூரம் போக முடியாது. மருதமலை அடிவாரம், சிறுவாணி சாலை என்று லாங் ரன் போகும் நாட்களில் பின்னால் வண்டி வரும், எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை திறந்திருக்கும் என்று முந்தின நாளே விசாரித்து வைத்திருப்பேன். தெருநாய்க்கு ஒரு கம்பும் உண்டு, இதுவரை ஓங்கியதோடு சரி.

இந்தப் பணக்கார ஓட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு என்ன இடம் என்று கட்டுரையின் கடைசியில் ஒரு வரி போகிறபோக்கில் வந்தது. அது மட்டும் நியாயமான கேள்வி. சாந்தி, சூர்யா, லட்சுமணன் என்ற ஓட்டக்காரர்கள் மூன்று பேருமே புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள், வெளிநாடு வரை போய் ஓடியவர்கள், யாரும் மூன்று மாதத்துக்கு ஏழாயிரம் கட்டிப் படித்தவர்கள் இல்லை. லட்சுமணன் 2017ல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கிய போது என் குழுவில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது, ஆனால் எந்த ஷூவில் வேகத்துக்கு உதவும் கார்பன் தகடு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் பேட்சில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேர் ஃபீஸ் இல்லாமல் ஓடுகிறார்கள். தர்மம் என்று நினைக்க வேண்டாம், அந்தப் பிள்ளைகள் முன்னால் ஓடினால்தான் என்னிடம் ஓடும் மேனேஜர்கள் வாட்சைப் பார்ப்பதை நிறுத்துகிறார்கள்.

நம் நாட்டில் கோச் என்று போர்டு மாட்ட எந்த உரிமமும் வேண்டியதில்லை. பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் சான்றிதழ் படிப்பு இருக்கிறது, முதலுதவியும் சிபிஆரும் சொல்லித்தரும் வகுப்புகள் இருக்கின்றன, ஆனால் கட்டாயம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு ஹாஃப் ஓடி முடித்த கையோடு இன்ஸ்டாகிராமில் கோச் ஆகிவிட்டவர்களை எனக்கே தெரியும். நாற்பது வயதுக்கு மேல் வருகிறவர்களிடம் ஈசிஜியும் டாக்டர் கடிதமும் கேட்டால், "அந்தக் கோச் கேக்கலையே" என்கிறார்கள். கடிதம் இல்லாமல் நான் சேர்ப்பதில்லை. அதனால் போன ஆட்கள் போகட்டும் என்று விட்டுவிட்டேன். போனவர்களில் ஒருவர் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு அடுத்த வருடம் திரும்பி வந்தார், கையில் கடிதத்தோடு.

போன் செய்த அந்த ஒன்பது பேரிடமும் ஒன்றுதான் சொன்னேன். மூன்று மாதம் காலை நாலரை மணிக்கு ரேஸ்கோர்ஸ் வாருங்கள், தண்ணீர் கேன் தூக்குங்கள், கடைசியில் ஓடுகிறவரோடு கூடவே ஓடுங்கள், யாருக்கும் அட்வைஸ் சொல்லாதீர்கள். நாலு பேர் வருகிறேன் என்றார்கள். முதல் நாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நாலாவது நாள் என் பிளானை எல்லாம் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போனார், அப்புறம் காணோம். இன்னொருவர் சரவணம்பட்டியிலிருந்து பைக்கில் வருகிற தம்பி, ஐந்து வாரமாக ஒரு நாள் தவறவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை 63 வயது ஐயா ஒருவர் பேரூர் தாண்டி உட்கார்ந்துவிட்டபோது, இந்தத் தம்பி அவர் ஷூ லேஸைத் தளர்த்திவிட்டு, எதுவும் பேசாமல் கால் மணி நேரம் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சம்பளம் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் இன்னும் பேசவில்லை. அடுத்த மாதம் பேச வேண்டும்.

இப்படிக்கு,
ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.

(பெயரைப் போட வேண்டாம். ஃபீஸ் கணக்கை எல்லாம் எழுதிவிட்டேன், தெரிந்தால் அடுத்த சீசனில் 40 பேரும் பேரம் பேசுவார்கள்.)